பற்றவைத்த சாவிக்கொத்து

குடியிருப்போர் சங்கத் தலைவர் இரண்டாம் மாடிக்கும் மூன்றாம் மாடிக்கும் நடுவே லிஃப்டோடு சேர்ந்து அந்தரத்தில் நின்றபோது, அவருக்கு அவசரமாக ஒன்றுக்கு வந்தது. சாயங்காலக் கூட்டத்தில் பேசத் தொண்டை இதமாக இருக்கட்டுமென்று செம்பு செம்பாக வெந்நீர் குடித்திருந்தார்.

பழைய கம்பிக்கதவு லிஃப்ட். மூன்றாம் மாடித் தரை அவர் கண்மட்டத்தில் இருந்ததால், உதவிக்கு வந்தவர்கள் எல்லோரும் அவருக்குச் செருப்புகளாகவே காட்சி தந்தார்கள்.

"யாரும் பதறாதீங்க" என்றார். யாரும் பதறவில்லை.

லிஃப்டைக் கையால் இறக்கும் சக்கரம் மொட்டைமாடி அறையில் இருந்தது. மொட்டைமாடிக்குப் பூட்டு, அதன் சாவி தலைவரின் இடுப்பில். ஒரு சாவிகூட அடுத்தவர் கைக்குப் போய்விடக் கூடாதென்று, கொத்தின் வளையத்தை அவரே பற்றவைத்து வாங்கியிருந்தார். கொத்து தேங்காய் பருமன். கம்பி இடைவெளியில் எலுமிச்சம்பழம்கூட நுழையாது.

"பூட்டை உடைச்சிரலாமா அண்ணே?" என்றன நீலவார்ச் செருப்புகள். தையற்கார அக்கா. இத்தனை வருஷக் கூட்டங்களில் கொட்டாவிக்கு மட்டுமே வாய் திறந்தவர்.

"சங்கத்துச் சொத்தும்மா. தீர்மானம் போடாம உடைக்கக் கூடாது." தலைவரின் வாய், தலைவரைக் கேட்காமலே சொல்லிவிட்டது.

"போட்டுருவோம்" என்றார் மருந்துக்கடைக்காரர். "ஆனா கூட்டத்துக்கு நீங்க தலைமை தாங்கணுமே. தொங்கிக்கிட்டே தாங்கலாமான்னு விதியில இல்லியே சார்."

"கொஞ்சம் சீக்கிரம் பாருங்களேன்."

"அவசரமே கூடாதுன்னு போன கூட்டத்துல நீங்கதானே சார் அவ்வளவு நேரம் பேசினீங்க."

தலைவர் காலோடு காலைப் பின்னிக்கொண்டார். அப்போது அவருடைய மனைவியின் செருப்புகள் வந்து நின்றன.

"ஏங்க, காலையிலேருந்து எவ்வளவு வெந்நீர் குடிச்சீங்க?"

தலைவர் முதன்முறையாக ஒரு கேள்விக்குப் பதில் சொல்லவில்லை. தையற்கார அக்காவுக்கு அதுவே போதும்.

"தீர்மானம் கெடக்கட்டும். மருந்துக்கடை, சுத்தியல எடுத்துக்கிட்டு எங்கூட மேல வாங்க. அண்ணி, அவருக்குப் பேச்சுக் குடுத்துக்கிட்டே இருங்க. தண்ணிக் கதை மட்டும் வேண்டாம்."

உலகத்தரம் என்று தலைவர் மெச்சிய பூட்டு இரண்டே அடியில் விழுந்த சத்தம் கேட்டது. பிறகு அக்காவின் குரல்: "மெதுவா சுத்துங்க. இன்னும் கொஞ்சம். போதும், நிறுத்துங்க."

இரண்டாம் மாடியில் கதவு திறந்ததும் தலைவர் ஓடினார். நன்றியுரை இல்லாமல் அவர் முடித்துக்கொண்ட முதல் நிகழ்ச்சி அது.

முகம் கழுவி, தலைவாரி, மீண்டும் தலைவராகி அவர் வெளியே வந்தபோது நடையில் ஒருவரும் இல்லை. மேலே கலகலப்பு. ஏறிப் போனார். பாதுகாப்பு கருதி அவர் பூட்டிவைத்திருந்த மொட்டைமாடியில் குறுக்கும் நெடுக்குமாகக் கொடி கட்டி ஆளாளுக்கு ஈரத்துணி காயப்போட்டுக்கொண்டிருந்தார்கள். முதல் வரிசை முழுக்க அவருடைய சட்டைகள். மனைவியின் கைவேலை.

தொண்டையைச் செருமினார். "யாரோட அனுமதியில..."

"சும்மா நிக்காதீங்கண்ணே" என்றார் தையற்கார அக்கா, பல்லில் கடித்த கிளிப்போடு. "இந்தப் போர்வை முனையப் பிடிங்க."

பிடித்தார். இரண்டு கையும் போர்வையில் இருக்க, சாவிக்கொத்தின் கனத்தில் கால்சட்டை மெல்ல இறங்கத் தொடங்கியது.

"விட்றாதீங்கண்ணே, தரையில பட்டா மறுபடி துவைக்கணும்."

தலைவர் விடவில்லை.