நடுவட்டப் பந்து யாருக்கு?

கோல் விழுந்தது. விசிலை வாயில் வைத்தபடி விழித்துக்கொண்டு நின்றேன். கூடைப்பந்துக்குத் தங்கச்சி மாதிரியான நெட்பாலில் ஒவ்வொரு கோலுக்குப் பிறகும் நடுவட்டத்திலிருந்து ஆட்டம் தொடங்கும். ஒரு தடவை நீல அணி, மறு தடவை வெள்ளை அணி. முறை மாறாமல் சொல்வது நடுவர் பொறுப்பு. இப்போது யார் முறை? சுத்தமாக நினைவில்லை. இரண்டு அணிப் பெண்களும் என் வாயையே பார்த்தார்கள்.

எதிர்க்கோடியில் நின்ற என் ஜோடி நடுவர் ஜாய்லீன், தொடையோரமாக விரலை நீட்டினாள். நீலம். ஊதினேன்.

"என்னடி ரேலீன், நின்னுக்கிட்டே தூங்கிட்டியா?" என்றாள் இடைவேளையில், ஆரஞ்சுத் துண்டைச் சப்பிக்கொண்டே. வெயிலோ மழையோ, முழுக்கைச் சட்டை இல்லாமல் மைதானத்துக்கு வரமாட்டாள்.

"வாய மூடுடி."

எனக்குச் சிரிப்பு வரவில்லை. மாதவிலக்கு நின்று சில வருஷம் ஆகிறது. அம்மாவுக்கும் இந்த வயதில்தான் மறதி ஆரம்பித்தது. முதலில் 'கெட்டில்' என்ற வார்த்தை மறந்தது, கடைசியில் என்னையே மறந்து போனாள். "நீ யாரும்மா?" என்று என்னிடமே கேட்டாள். அந்தக் கேள்வியை நானும் ஒருநாள் என் மகளிடம் கேட்பேனோ என்று பயந்து செத்தேன்.

டாக்டர் ரத்தம் எடுத்துப் பார்த்தார். வைட்டமின் டி அடிமட்டத்தில் கிடந்தது. இருக்காதா பின்னே? டாஸ்மேனியாக் குளிர்காலத்தில் சூரியன் பேருக்கு வந்து போகிறது. கோடையிலோ, தோல் புற்றுக்குப் பயந்து தொப்பியும் களிம்புமாகத் திரிகிற ஜாதி நாங்கள்.

"தினம் ஒரு மாத்திரை போடுங்க. எலும்புக்கு நல்லது. ஞாபகத்துக்கும் உதவலாம்னு சொல்றாங்க, ஆனா உறுதியில்ல" என்றார்.

என் காதில் 'உதவலாம்' மட்டும்தான் ஏறியது. ஒன்று நல்லதென்றால் நாலு ரொம்ப நல்லதாயிற்றே! கடை மாற்றிக் கடை வாங்கி விழுங்கினேன். ஜாய்லீனிடம் தினம் ஒன்றுதான் என்று புளுகினேன்.

சில மாதங்களில் ஞாபகம் கற்பூரம் மாதிரி பற்றிக்கொண்டது. யார் முறை என்பதோடு, போன வாரம் எவள் எவளைத் தள்ளினாள் என்பதுகூடச் சொன்னேன். ஆனால் மைதானத்தில் முணுமுணுப்பு கிளம்பியது.

"உன் விசில் லேட்டாகுதுடி" என்றாள் ஜாய்லீன்.

"உன் காது லேட்டு!"

அரையிறுதியில் வெள்ளை அணிப் பெண் ஒருத்தி முழங்கையைத் தூக்கிக்கொண்டு பாய்வதைப் பார்த்தேன். தெளிவாகப் பார்த்தேன். ஊத வேண்டுமென்று தெரியும், விசிலும் வாயில்தான் இருந்தது. மூச்சு வருவதற்குள் கோல் போடும் பெண் தார்த்தரையில் விழுந்து மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டு அலறினாள். ஐயோ, அந்த அலறல் இன்னும் என்னை உட்காரவிடவில்லை.

காரில் ஜாய்லீன் சாவியைத் திருப்பவில்லை. "உண்மையச் சொல்லு. அந்த மாத்திரைய எத்தனை முழுங்குற?"

சொன்னேன். கன்னத்தில் அறைவாள் என்று நினைத்தேன். நேராக டாக்டரிடம் இழுத்துப் போனாள்.

"அதிகமா எடுத்த சிலருக்கு ஞாபகம் கூடுச்சு, ஆனா உடம்பு பதில் சொல்றது மெதுவாச்சுன்னு ஒரு ஆராய்ச்சி இருக்கு. உங்களுக்கும் அதேதானான்னு தெரியல. எப்படியும் இத்தனை வேண்டாம், ஒண்ணே போதும்" என்றார் டாக்டர்.

"பழையபடி மறந்துச்சுன்னா?"

அவர் சீட்டில் 'ஒன்று' என்று எழுதி, அடிக்கோடிட்டு என்னிடம் நீட்டினார்.

இறுதி ஆட்டத்துக்கு ஜாய்லீன் ஒரு ரப்பர் வளையம் கொடுத்தாள். நீலத்தின் முறைக்கு வலது கை, வெள்ளைக்கு இடது கை. ஒவ்வொரு தடவையும் மாற்றிக்கொள்ள வேண்டும். கற்றுக்குட்டிகள் போடுவது. போட்டவர்களை நான் வாய் வலிக்கக் கிண்டல் செய்திருக்கிறேன்.

"மானம் போகும்டி. ஊரே பார்க்கும்."

"போகட்டும். அந்தப் பொண்ணோட கைய நினைச்சுப் பாரு."

போட்டுக்கொண்டேன்.

ஆட்டம் சூடு பிடித்தது. கோல் விழுந்தது. மண்டை காலி. குனிந்து பார்த்தேன்: இடது கை. வெள்ளை. ஊதினேன், உடனே ஊதினேன். தலை நிமிர்ந்து எதிர்க்கோடியைப் பார்த்தேன், எவ்வளவு சிரிக்கப் போகிறாளோ என்று.

ஜாய்லீன் சிரிக்கவில்லை. முழுக்கைச் சட்டையை முழங்கை வரை சுருட்டிவிட்டிருந்தாள். அவளுடைய இடது மணிக்கட்டிலும் ஒரு வளையம், நிறம் போன பழைய வளையம்.

"உனக்கு மட்டும்தான் வயசாகுதுன்னு நெனச்சியாடி?" என்று மைதானம் முழுக்கக் கேட்கக் கத்தினாள்.