ஜன்னல் உறை உள்ளே புடைத்த காலை

ஓர்வின் ஒரு வேலையைக் கையில் எடுத்தால் எடுத்ததுதான். யார் என்ன சொன்னாலும் காதில் ஏறாது. நிலவறையில் தச்சுப்பட்டறை வைத்திருக்கிற அந்த மனுஷன், பனி விழ ஆரம்பித்த நாளிலிருந்து தூசி உறிஞ்சும் இயந்திரம் ஒன்றைப் பொருத்திக்கொண்டிருந்தான். மேசை ரம்பத்திலிருந்து ஒரு தகரக் குழாய், இழைக்கும் மெஷினிலிருந்து ஒன்று, இன்னும் எங்கெங்கிருந்தோ என்று எல்லாம் கூரையை ஒட்டி ஓடி, மூலையில் ஆளுயரத்துக்கு நின்ற பீப்பாயில் போய்ச் சேர்ந்தன. துணி துவைக்கிற இடத்தையும் விட்டுவைக்கவில்லை. அவன் மனைவி மார்லிஸ் ஒரு சட்டையை உதறினால் கை போய்க் குழாயில் இடித்தது.

"யாருக்காகச் செய்றேன்? என் பொண்டாட்டிக்காகத்தானே?" என்பான். அதற்கு அவள் என்னத்தைச் சொல்ல?

அங்கேதான் வசமாக மாட்டிக்கொண்டாள். மரத்தூள் அவளுக்கு ஆகாது, மூச்சு இழுக்கும். குளிர்காலத்தில் இந்தத் தூசிக்குள் அடைந்து கிடக்காதீர்கள் என்று டாக்டர் சொன்னதிலிருந்து, கிறிஸ்துமஸ் முடிந்த கையோடு வெயில் அடிக்கிற அரிசோனாவில் இருக்கும் அக்கா ஆர்டிஸ் வீட்டுக்குப் போய்விடுவாள். பனி கரைந்த பிறகுதான் திரும்புவாள். அங்கே அக்காவும் தங்கையும் வயிறு வலிக்கச் சிரிப்பார்கள். நினைத்தபோது செருப்பை மாட்டிக்கொண்டு தெருவில் நடக்கலாம். உண்மையைச் சொன்னால், மூச்சுக்காகப் போனது முதல் வருஷம் மட்டும்தான். பிறகு போனதெல்லாம் ஆசைக்கு.

ஆசை என்று வாய்விட்டுச் சொல்ல முடியுமா, அதுவும் வட மினசோட்டாவில்? ஒரு துண்டு கேக் சாப்பிடுகிறீர்களா என்றால் மூன்று தரம் வேண்டாம் என்று சொல்லிவிட்டு, நாலாவது தரம் கேட்டால் மட்டும் "சரி, சின்னதா ஒண்ணு" என்று கையை நீட்டுகிற சனம். கேட்பவர்களுக்கும் அது தெரியும், நாலாவது தரம் கட்டாயம் கேட்பார்கள். "எனக்கு வேணும்" என்பது அங்கே கெட்ட வார்த்தை மாதிரி. அதனால் இத்தனை வருஷமும் மார்லிஸுக்காக அவள் நுரையீரல்தான் பேசியது. இப்போது ஓர்வின் அதன் வாயை அடைக்கப் பார்க்கிறான்.

அன்று காலை காப்பியோடு வந்து உட்கார்ந்தான். முகமெல்லாம் பல்.

"முடிஞ்சுது! உறிஞ்சுற காத்தைச் சுவத்துல ஓட்டை போட்டு நேரா வெளியில தள்ளிட்டேன். இனிமே வீட்டுக்குள்ள ஒரு பொட்டுத் தூசி இருக்காது. ஆர்டிஸுக்குப் போன் பண்ணி, இந்த வருஷம் வரலன்னு சொல்லிடு."

"பெட்டி கட்டியாச்சே, ஓர்வின்."

"கட்டினதைப் பிரிக்க எவ்வளவு நேரம் ஆகும்? அந்தப் பெட்டிக்குத்தான் பூட்டுகூடக் கிடையாதே."

பூட்டு உடைந்து மூன்று குளிர்காலம் ஆகிறது. கிரீச்சிடுகிற கீல், சொட்டுகிற குழாய் என்று ஒன்றையும் விட்டுவைக்காத மனுஷன், அந்தப் பூட்டை மட்டும் "பாக்கலாம், பாக்கலாம்" என்றே தள்ளிவிட்டான்.

பையிலிருந்து வெள்ளைக் கைக்குட்டையை எடுத்து நீட்டினான். "நான் கீழ போய்ப் பலகை அறுக்கிறேன். நீ இதால அலமாரியைத் துடைச்சுப் பாரு. தூள் ஒட்டிச்சுன்னா எம்பேரை மாத்திக்கிறேன்."

காதுக்கு மூடியை மாட்டிக்கொண்டு இறங்கிப் போனான். கீழே இயந்திரம் ஹூவென்று இரைந்தது. ரம்பம் ஒரு பலகை முடிந்து அடுத்ததைக் கடித்தது. வெகுநேரம் கழித்து மார்லிஸ் அலமாரியைத் துடைத்தாள். கைக்குட்டை பளிச்சென்று அப்படியே இருந்தது. பாழாய்ப்போன கைக்குட்டை! இனி அரிசோனாவுக்குப் போக என்ன சாக்கு? வாசலில் போய் நின்று அழலாம் என்று கோட்டைப் போட்டுக்கொண்டாள்.

உள்கதவின் குமிழைத் திருகியதுமே அது தானாக அவள்மேல் பாய்ந்தது. அதற்கு அப்பால் இருந்த கண்ணாடிக் கதவை வெளியே தள்ளினாள். அசையவில்லை. தோளைக் கொடுத்துத் தள்ளினாள். ஊகூம்! வாசல் பனியைக் காலையில்தான் ஓர்வின் வாரியிருந்தான், வெளியே தடுக்க ஒன்றுமே இல்லை. கைக்கெட்டும் தூரத்தில் தெரு தெரிந்தது, வீடு அவளை விட மாட்டேன் என்றது.

திரும்பிப் பார்த்தவள் திகைத்துப்போனாள். அந்த ஊரில் குளிருக்கு முன் ஜன்னல்களுக்கு மெல்லிய பிளாஸ்டிக் உறை ஒட்டி, தலைமுடி உலர்த்துகிற மெஷினால் சூடுகாட்டி இறுக்குவார்கள். ஓர்வின் ஒட்டினால் எறும்பு நுழையாது. கதவு இடுக்குகளையும் அடைத்துவிடுவான். மேளத்தோல் போல விறைப்பாக இருக்க வேண்டிய அந்த உறைகள் எல்லா ஜன்னலிலும் உள்பக்கமாகப் புடைத்துக்கொண்டு நின்றன. அதே நேரம் சமையலறையில் நச்சுப்புகை அலாரம் அலறியது.

அவளுக்கு எல்லாம் விளங்கிவிட்டது. இயந்திரம் வீட்டுக் காற்றை வெளியே இறைக்கிறது. புதுக்காற்று வர ஒரு துவாரம் கிடையாது. வெளிக்காற்று கதவையும் உறைகளையும் உள்ளே அழுத்துகிறது. அதனால் வெந்நீர்க் கொதிகலனின் புகை, போக வேண்டிய புகைபோக்கி வழியாகவே திரும்பி இறங்குகிறது.

"ஓர்வின்! நிறுத்து!"

அந்த இரைச்சலில் யாருக்குக் கேட்கும்? படியில் இரண்டடி இறங்கியதும் நெஞ்சு பிடித்தது. இந்தத் தடவை சாக்கு இல்லை, நிஜமாகவே மூச்சு வரவில்லை. மேலே ஓடி, கத்தரிக்கோலை எடுத்து, உறையை மேலிருந்து கீழாகக் கிழித்து ஜன்னலைத் தூக்கினாள். குளிர்காற்று குபீரென்று பாய்ந்து பாத்திரத் தொட்டியெல்லாம் பனித்தூளைக் கொட்டியது. பட்டறை விளக்கின் சுவிட்ச் படித்தலைப்பில் இருந்தது. அதை அணைத்து அணைத்துப் போட்டாள். விளக்கு மினுக்குவதைப் பார்த்து ஓர்வின் இயந்திரத்தை நிறுத்தினான்.

"அடிப்பாவி, என் ஜன்னலை என்ன பண்ணி வச்சிருக்க!" என்று ஏறி வந்தவன், காது மூடியைக் கழற்றியதும் அலாரத்தைக் கேட்டு வெளுத்துப்போனான். அவளைக் கையைப் பிடித்து வாசலுக்குக் கூட்டிப்போனான். கண்ணாடிக் கதவு இப்போது ஒரு விரலுக்கே திறந்தது.

பனியில் நின்று மூச்சு வாங்கினார்கள்.

"என் தப்புதான். வெளிய போற காத்துக்கு ஈடா உள்ள வர வழி வைக்கல," என்றான். "நீ ஒண்ணும் கவலைப்படாத. நல்ல வடிகட்டியாப் போட்டுக் காத்தைத் திரும்ப உள்ளயே விட்டுடறேன். ஒரே வாரம். நீ எங்கயும் போக வேண்டாம்."

"நான் போகணும், ஓர்வின்."

"அதான் தூசிக்கு—"

"தூசிக்காக இல்ல. எனக்கு ஆசையா இருக்கு. நுரையீரல் இரும்பா இருந்தாலும் போவேன்."

சொல்லிவிட்டாள். அந்தக் குளிரிலும் காது சுட்டது.

"தெரியும்," என்றான், தெருவைப் பார்த்துக்கொண்டே. "சாக்கை எடுத்துட்டா தங்கிடுவேன்னு நினைச்சேன். நீ இல்லாதப்போ மரமே இல்லாம ரம்பத்தை ஓடவிட்டுட்டு உக்காந்திருப்பேன், மார்லிஸ். வீட்ல ஒரு சத்தம் வேணுமேன்னு."

"இதை வாயைத் திறந்து சொல்றதுக்கென்ன?"

"நீ சொன்னியா?"

அவனைப் பார்க்கப் பாவமாக இருந்தது, கோபமாகவும் இருந்தது. "நீயும் வாயேன்," என்றாள்.

"ஐயோ, வேண்டாம். அந்த வெயில் யாருக்கு ஆகும்?"

"ஆர்டிஸ் வீட்ல இடம் இருக்கு. வாயேன்."

"வேண்டாம், வேண்டாம். பட்டறையை யார் பாத்துக்கிறது?"

அலாரம் ஓய்ந்ததும் உள்ளே போனார்கள். ஓர்வின் டேப்பை எடுத்துவந்தான். கிழிந்த உறையை ஒட்டப்போகிறான் என்று நினைத்தாள். அவனோ நேராகப் படுக்கையறைக்குப் போய், பூட்டில்லாத பெட்டியை மூடி, சுற்றிலும் டேப்பை இறுக்கிச் சுற்ற ஆரம்பித்தான்.

"நிஜமாத்தான் கேக்கறேன், வர்றியா?" என்றாள்.

"வேண்டாம் மார்லிஸ்."

மூன்றாவது வேண்டாம். டேப் பாதிச் சுற்றில் நின்றது. குனிந்தபடியே அவன் காத்திருந்தான். நாலாவது தரம் கேட்பாள் என்றுதான், அது அவளுக்கு நன்றாகத் தெரியும்.

"இன்னும் ஒரு சுத்து சுத்திடு," என்றாள்.