மூட்டைப் பூச்சி அல்ல, உருண்டைப் பூச்சி

1

இந்தக் கதையை எனக்குச் சொன்னவர், வீடு வீடாகப் போய்ப் பூச்சிமருந்து அடிக்கிற ஒருவர். பேருந்தில் பக்கத்து இருக்கையில் வந்தவர் பேச்சுவாக்கில் சொன்னார்.

முதல் வரைவை இப்படித்தான் தொடங்கியிருந்தேன். அத்தனையும் பொய். பேருந்தும் கிடையாது, அந்த மனிதரை நான் பார்த்ததும் கிடையாது. கதை போன செவ்வாய்க்கிழமை தொலைபேசியில் வந்தது. சொன்னது யார் என்பதை நான்காம் பகுதியில் சொல்கிறேன். அதற்குள் எனக்குத் தைரியம் வந்துவிட வேண்டும்.

2

தொடக்கம் (அ): உருண்டைப் பூச்சி உண்மையில் பூச்சியே அல்ல. நண்டு, இறால் வகையறா. செவுள் வைத்து மூச்சு விடுவதால் அதற்கு எப்போதும் ஈரம் வேண்டும்...

[பாடப்புத்தக வாடை அடிக்கிறது. ஆனால் ஈரம் பற்றிய செய்தி பின்னால் தேவைப்படும். இருக்கட்டும்.]

தொடக்கம் (ஆ): காலை பத்து மணிக்கு மருந்துக்காரர் அந்த வீட்டுக்குப் போனபோது, ஆபீசில் கொடுத்த சீட்டில் 'மூட்டைப் பூச்சி' என்று எழுதியிருந்தது. இருபது வருடத் தொழில் அவருக்கு. நேராக உள்ளே போய் மெத்தைகளைப் புரட்டத் தொடங்கினார். எங்கே ஆரம்பிக்க வேண்டும் என்று தொழில் தெரிந்தவருக்குத் தெரியாதா என்று நினைத்து, வீட்டுக்கார அம்மாள் பின்னாலேயே போனாள்.

உள்ளறையில் ஒற்றைக் கட்டில் ஒன்று. வெளுத்த விரிப்பு, தலையணைமேல் மடித்த துண்டு. மெத்தையின் தையல் ஓரமாக டார்ச் அடித்துக்கொண்டே போனார். ஒரு கறைகூட இல்லை.

"இதுல யாரும்மா படுக்கிறாங்க?"

"பையன்."

"வெளியூரா?"

"வருவான்."

அவர் மெத்தையை அழுத்திப் பார்த்தார். பஞ்சு எங்கேயும் பள்ளம் விழவில்லை. ஆள் படுக்காத கட்டிலில் மூட்டைப் பூச்சிக்கு என்ன வேலை? வருடக்கணக்காக யாரும் படுக்காத கட்டிலுக்கு விரிப்பை மட்டும் யாரோ மாற்றிக்கொண்டே இருக்கிறார்கள் என்பது அவருக்குப் புரிந்துவிட்டது.

"மூட்டைப்பூச்சி இங்க இல்லவே இல்லம்மா."

"மூட்டைப்பூச்சியா? எங்க வீட்லயா?" அம்மாவுக்கு வந்ததே கோபம். [அம்மாளுக்கு. திருத்த வேண்டும்.] "நான் உருண்டைப்பூச்சின்னுல சொன்னேன்! தொட்டா உருண்டுக்குமே, அது. வாசப்படியிலேர்ந்து வருது."

ஆபீசில் போனை எடுத்த பெண்ணுக்குக் காதில் விழுந்தது அவ்வளவுதான். அந்த ஒரு சொல் சரியாக விழுந்திருந்தால் அவர் உள்ளறைக்கே போயிருக்க மாட்டார். கட்டிலைப் பார்த்திருக்க மாட்டார். எனக்கும் இந்தக் கதை இருந்திருக்காது.

3

வாசலில் குனிந்து பார்த்துவிட்டு அவர் சொன்னார்.

"இதுக்கு மருந்தே வேணாம்மா. கடிக்காது, நோய் பரப்பாது. உள்ள வந்தது ஈரம் இல்லாம ரெண்டு நாள்ல தானா காஞ்சு செத்துடும், கூட்டித் தள்ளிடுங்க. வெளியில இருக்கிற ஈரத்த எடுத்தாப் போதும். அழுகின எல, செங்கல், பலக எல்லாத்தையும் செவுத்த விட்டுத் தள்ளிப் போடுங்க. தொட்டிங்கள தரையில வைக்காம கல்லுமேல தூக்கி வைங்க. செடிக்குக் காலையில தண்ணி விடுங்க, சாயங்காலத்துக்குள்ள காஞ்சிடும். கதவுக்கு அடியில இருக்கிற சந்த அடைச்சிடுங்க."

"செடியக் கடிக்காதா?"

"பிஞ்சு நாத்தாயிருந்தா கடிக்கும். மத்தபடி மக்கினதத் தின்னுட்டு அது பாட்டுக்குக் கெடக்கும்."

அவரே ஒவ்வொரு தொட்டியாக நகர்த்தித் தந்தார். கதவோரத்துப் பெரிய தொட்டியிடம் வந்தபோது அம்மாள் தடுத்தாள்.

"அத மட்டும் விட்டுடுங்க. அடியில சாவி இருக்கு. பையன் வந்தா தேடக் கூடாதில்ல."

"பூச்சிக்குத் தலைமை ஆபீசே அதாம்மா. கீழ ரெண்டு கல்லு வச்சுட்டு, சாவிய அங்கயே வச்சிடறேன்."

யோசித்தாள். சரி என்றாள். அடுப்பை அணைக்க உள்ளே போனாள்.

அவர் தொட்டியைச் சாய்த்தார். வெளிச்சம் பட்டதும் பாதிப் பூச்சிகள் ஓடின, பாதி சுருண்டுகொண்டன. சாவி இல்லை. சிமெண்டுத் தரையில் சாவியின் வடிவத்தில் துருக்கறை மட்டும் இருந்தது. கறையின் பாதியில் மண் படிந்து இறுகியிருந்தது. மண்மேல் பூச்சிகள் உரித்துப்போட்ட வெள்ளைத் தோல்கள் கிடந்தன.

சாவி போய் வருடங்கள் ஆகின்றன. எடுத்தவன் தொட்டியை இம்மி பிசகாமல் பழைய இடத்திலேயே வைத்திருக்கிறான். திருடனாக இருந்தால் வீட்டுக்குள் போயிருப்பான். இவன் போகவில்லை.

அவர் அந்த வெளுத்த விரிப்பை நினைத்துக்கொண்டார். அம்மாளைக் கூப்பிட்டு இந்தக் கறையைக் காட்டினால் தன்மேல் ஒரு பழியும் வராது. ஆனால் அந்த ஒரு கறையே மகன் வந்தான், வாசலோடு திரும்பிப் போய்விட்டான் என்று அவளுக்குச் சொல்லிவிடும்.

செருப்புச் சத்தம் நெருங்கியது. அவர் பையிலிருந்த இரும்புப் பிரஷ்ஷை எடுத்துத் தரையைத் தேய்க்க ஆரம்பித்தார்.*

4

* தொட்டியைச் சாய்த்ததிலிருந்து எல்லாம் என் ஊகம். மருந்தே வேண்டாம் என்றவர் எதற்காகத் தரையைத் தேய்த்தார் என்பதற்கு எனக்கு வேறு காரணம் கிடைக்கவில்லை.

தொலைபேசியில் பேசியது என் அக்கா, அம்மா சொன்னதையெல்லாம் கேட்டுவிட்டு.

"டேய், அம்மா வீட்டுச் சாவிய மருந்தடிக்க வந்தவன் எடுத்துட்டானாம். அம்மா வந்து பாக்கறதுக்குள்ள எடத்தையே தேய்ச்சுக் கழுவியிருக்கான், பாத்துக்கோ. நான்தான் ஆபீசுக்குப் போன் பண்ணி உண்டு இல்லன்னு பண்ணிட்டேன். வேலைக்கு வராதேன்னு நிறுத்திட்டாங்களாம்."

"அவர் என்ன சொன்னாராம்?"

"என்ன சொல்வான்? 'நான் எடுக்கலம்மா'ன்னு ஒரே வார்த்த. அதுக்குமேல வாயத் திறக்கலையாம்."

5

அப்பா இறந்தபோது நான் போகவில்லை. காரணம் ஒன்று இருந்தது, அப்போது பெரிதாகத் தெரிந்தது. மூன்று மாதம் கழித்துப் போனேன். நடுப்பகல். பள்ளிக்கூட நாளிலிருந்து பழகிய கை, தானாகத் தொட்டியைச் சாய்த்துச் சாவியை எடுத்தது. உள்ளே அம்மா இருமினாள். தனியாக இருக்கிறவர்களின் இருமல் அது, யாருக்கும் கேட்காது என்று இருமுவது. நான் —

[இந்த வாக்கியத்தைப் பதினொரு முறை எழுதிப் பார்த்துவிட்டேன்.]

தொட்டியைப் பழைய இடத்திலேயே வைத்தேன். பாதி வழியில்தான் சாவி கையிலேயே இருப்பதைக் கவனித்தேன். வெட்கமாக இருந்தது. இன்றும் வெட்கமாகத்தான் இருக்கிறது. சாவி இப்போது இந்தத் தாளின்மேல், காற்றில் பறக்காமல் இருக்க வைத்திருக்கிறேன்.

6

முடிவு (அ): மருந்துக்காரர் பொறுக்க முடியாமல் உண்மையைச் சொல்லிவிடுகிறார். இது ஆகாது. சொல்கிறவராக இருந்தால் அன்றைக்கே சொல்லியிருப்பார்.

முடிவு (ஆ): அம்மாவுக்குத் தானாகவே புரிந்துவிடுகிறது. இதுவும் ஆகாது. என் வேலையை அம்மா தலையில் கட்டுகிற முடிவு இது.

முடிவு (இ): மகன் போகிறான். முதலில் ஆபீசுக்கு, அந்த மனிதரின் பெயரைக் கேட்டுத் தெரிந்துகொண்டு புகாரைத் திரும்ப வாங்க. பிறகு வீட்டுக்கு. சாவி இருந்தும் கதவைத் தட்டுகிறான்.

இந்த மூன்றாவதை விரிவாக எழுத எனக்கு ஆசைதான். அம்மா கதவைத் திறந்ததும் என்ன சொல்வாள் என்பதுகூடத் தெரியும். ஆனால் எழுதிவிட்டால் செய்துவிட்டதாக நினைத்துக்கொள்வேன். என் சுபாவம் அது. அங்கே ஒரு மனிதர் எனக்காக வேலையில்லாமல் உட்கார்ந்திருப்பார்.

அதனால் ஏழாம் பகுதிக்கு எண் மட்டும் போட்டிருக்கிறேன். அதற்குக் கீழே அழகான முடிவு ஒன்றை நீங்கள் படிக்க நேர்ந்தால், நான் இன்னும் இந்த நாற்காலியில்தான் இருக்கிறேன் என்று அர்த்தம். ஒன்றும் எழுதியிருக்காவிட்டால், எழுந்து போய்விட்டேன்.

7