செங்காலியின் பச்சைக் குளம்

மழைக்கு முன்னால் சுண்ணாம்பு போட்டு முடித்தாக வேண்டும். கிழக்கே வெளுக்கத் தொடங்கியபோது மேற்கே மேகம் கறுத்துத் திரண்டிருந்தது. செங்காலி தகர வாளியை இடுப்பில் இடுக்கிக்கொண்டு, குளத்துக் கரைச் சரிவில் பக்கவாட்டாக நடந்தபடி பிடி பிடியாக வீசினாள். வாயையும் மூக்கையும் துணியால் கட்டியிருந்தும் தொண்டை எரிந்தது. விரலிடுக்குப் புண்களில் சுண்ணாம்பு பட்டுக் காந்தியது. துருத் தண்ணீரில் நின்று நின்று முழங்கால் வரை சிவந்துபோனதால்தான் அவளுக்கு அந்தப் பெயர். எந்தச் சோப்புக்கும் அந்தச் சிவப்பு மசியவில்லை.

கிணறு வெட்டப் பூதம் புறப்பட்ட கதைதான் அந்த இறால் பண்ணையின் கதை. ஆழம் கூடினால் விளைச்சல் கூடும் என்று முதலாளி இயந்திரத்தை விட்டுத் தோண்டினார். அடியில் ஈரத்தில் உறங்கிக் கிடந்த கறுப்பு மண் மேலே வந்து, காற்றுப் பட்டதும் அமிலமாகப் புளித்தது. பல குளங்களில் இறால் மொத்தமும் செத்தது. தோண்டிய மண்ணையே கரையாகக் குவித்திருந்ததால், மழை பெய்தால் கரையிலிருந்தும் புளிப்பு வடிந்தது. அதை முறிக்கத்தான் சுண்ணாம்பு. “செத்த குளத்த எடுத்துக்குங்க. தேத்தினா விளைச்சல்ல பாதி உங்களுக்கு” என்று கூலிக் குடும்பங்களுக்கு ஆளுக்கொன்றாகக் கொடுத்தார். செத்த மாட்டைத் தானம் செய்கிறவருக்குக் கை தாராளமாகத்தான் இருக்கும்!

செங்காலியும் கணவனும் வருடக்கணக்கில் அதைக் கழுவினார்கள். காயவைத்து உழுதார்கள். கடல் ஏறும்போது தண்ணீரை உள்ளே விட்டு ஊறவைத்து, கடல் வடியும்போது மதகுப் பலகையைத் தூக்கிச் செந்நீரை வெளியேற்றினார்கள். பிள்ளைக்குக் காய்ச்சல் கண்ட வாரம்கூட நிறுத்தவில்லை. அப்போதெல்லாம் தண்ணீர் கண்ணாடியாகத் தெளிந்து கிடக்கும். அதில் ஒரு பாசிகூடப் பிழைக்கவில்லை என்று அதற்குப் பொருள்.

இப்போது தண்ணீர் பச்சை. கலங்கிய, கொழுத்த பச்சை. மதகோரம் ஒரு நத்தை ஊர்வதைக் கண்ட அன்று அவள் அழுதேவிட்டாள்.

“யார்கிட்டயும் மூச்சு விடாத. கண்ணு பட்டுடும்” என்றான் கணவன்.

பட்டது முதலாளியின் கண். பாதிக் கரைக்கு அவள் சுண்ணாம்பு போட்டிருந்தபோது வண்டியில் வந்து இறங்கியவர், குனிந்து ஒரு கை தண்ணீர் அள்ளிப் பார்த்தார்.

“பரவாயில்லையே, நல்லா தேத்திட்டீங்க! இனி இதுல நானே இறால் குஞ்சு விட்டுக்கறேன். நீங்க கடைசிக் குளத்துக்குப் போயிடுங்க.”

“அது செத்த குளமாச்சேய்யா” என்றாள் செங்காலி.

“இதுவும் செத்ததுதானே? உன் கைராசி அங்கயும் பலிக்கட்டும்.”

“பாதின்னு சொன்னீங்களே?”

“விளைச்சல்ல பாதி. விளைச்சல் எங்க? பச்சத் தண்ணியிலயா பாதி கேக்கற?”

கணவன் தலையைக் குனிந்துகொண்டான். அவள் வாளியைக் கீழே வைத்தாள். “அப்ப சுண்ணாம்பையும் நீங்களே போட்டுக்குங்க.”

முதலாளி சிரித்தார். பக்கத்துக் குளத்துக்காரன் முணுமுணுப்பானைக் கைதட்டிக் கூப்பிட்டார். மதகில் முதலில் யார் தண்ணீர் விடுவது என்று செங்காலியோடு அவன் சண்டை போடாத நாள் கிடையாது.

“இந்தக் குளத்த நீ பாத்துக்கோ. மாசச் சம்பளம் தர்றேன். மழைக்கு முன்னாடி கரையை மட்டும் முடிச்சுடு.”

செங்காலி அவன் முகத்தைப் பார்த்தாள். அவன் குளம் இன்னும் கண்ணாடியாகத்தான் கிடந்தது. அவன் இடத்தில் இருந்தால் தான் என்ன சொல்லியிருப்போம் என்று அவளுக்கே நிச்சயமில்லை.

முணுமுணுப்பான் பச்சைத் தண்ணீரை ஆசையோடுதான் பார்த்தான். பிறகு தன் வாளியில் மிச்சமிருந்த சுண்ணாம்பைச் சாக்கில் திருப்பிக் கொட்டினான். வாளியைக் கவிழ்த்துப்போட்டு அதன்மேல் உட்கார்ந்தான்.

“இன்னிக்கு அவ குளம். தேறினா நாளைக்கு என் குளம். எனக்கு மட்டும் வேற சட்டமா?” என்று முணுமுணுத்தான். முதல் தடவையாக எல்லோருக்கும் கேட்டது.

பண்ணையில் மிச்சமிருந்த நல்ல குளங்களின் கரைகளுக்கும் இந்தக் கூலிக் குடும்பங்கள்தான் சுண்ணாம்பு போட வேண்டும். அங்கேயும் ஒவ்வொருவராக வாளியை இறக்கி வைத்தார்கள்.

“வெளியிலேருந்து ஆள் கொண்டாருவேன்!” என்றார் முதலாளி.

“கொண்டாங்க. அதுவரைக்கும் மழை காத்திருக்குமான்னு கேட்டுக்குங்க” என்றாள் செங்காலி.

“நாளைக்கே எல்லாரும் பண்ணை ரூமைக் காலி பண்ணிடணும்” என்று சொல்லிவிட்டு முதலாளி வண்டியைக் கிளப்பினார். சொன்னதைச் செய்கிறவர்தான் அவர்.

மழை பிடித்துக்கொண்டது. சுண்ணாம்பு விழாத பாதிக் கரையிலிருந்து துரு நிறத்தில் தண்ணீர் கோடு கோடாக இறங்கியது. கணவன் துடித்துப்போனான்.

“பாதிதான்டி மிச்சம். போட்டுட்டு வந்துடறேன். நம்ம குளம்டி!”

“நம்மளதா?”

அவன் நின்றுவிட்டான். அவளுக்கும் பெற்ற பிள்ளை தண்ணீரில் தத்தளிப்பதைப் பார்ப்பதுபோலத்தான் இருந்தது. சிவப்பு, பச்சையைத் தொட்டது. அவள் தன் வாளியைக் கவிழ்த்து முணுமுணுப்பானுக்குப் பக்கத்தில் போட்டு உட்கார்ந்தாள். மற்றவர்களும் வாளிகளோடு வந்து சேர்ந்தார்கள்.

“செத்தா மறுபடி கழுவலாம் தங்கச்சி. நமக்குத் தெரியாத வேலையா?” என்றான் முணுமுணுப்பான்.

“கழுவலாம் அண்ணே. யாருக்காகன்னு பேசி முடிச்சப்புறம்தான் இனி மதகுல கை வைக்கணும்.”

மழை வலுத்தது. ஒருவரும் எழுந்திருக்கவில்லை.