வெள்ளம் தொடாத கல்

நவம்பரில் ஒருநாள் மழை பெய்து ஓய்ந்தால் போதும், நெரிஸ் வீடு தங்க மாட்டாள். வேல்ஸின் வடக்கே ஒரு சின்ன ஊரில் கால்நடை மருத்துவமனையின் வரவேற்பு மேசை அவளுடையது. வருஷத்து விடுப்பையெல்லாம் ஓடை நுரைக்கென்றே சேர்த்து வைத்திருப்பாள். ஓடையில் விழுந்து ஊறும் ஓக் இலைகளில் கண்ணுக்குத் தெரியாத பூஞ்சைகள் வளரும். அவற்றின் வித்துகள் தண்ணீரோடு வந்து, பாறையோரம் தேங்கும் நுரையில் மாட்டிக்கொள்ளும். ஒரு சொட்டு நுரையை மைக்ராஸ்கோப்பில் வைத்துப் பார்த்தால், நெருஞ்சி முள் மாதிரி நாலு கைகளையும் நீட்டிக்கொண்டு கிடக்கும். முதல் தடவை அதைப் பார்த்த அன்று அடுப்பிலிருந்த சூப் தீய்ந்து வீடெல்லாம் புகை. அதற்கப்புறம் பதினொரு வருஷமாக அவளுக்கு வேறு பைத்தியம் கிடையாது.

அந்தச் செவ்வாய்க்கிழமை காலை அவள் மலையிடுக்குக்குள் இறங்கியபோது, நுரை தேங்கும் மடுவருகே ஏற்கெனவே ஒருவர் குனிந்திருந்தார். இத்வால். எட்டு மாதமாக அவளோடு பேசாத இத்வால்.

கற்பலகைச் சுரங்கத்தில் இயந்திரம் பழுது பார்த்து ஓய்வு பெற்றவர். அறுபத்தேழு வயது. தண்ணீருக்குள் இருக்கும் பாறைகளில் படரும் கல்பாசிகளை அவர் அளவுக்கு அறிந்தவர் அந்த வட்டாரத்தில் இல்லை. நெரிஸுக்கு நுரையென்றால் அவருக்குக் கல். போன மார்ச்சில், அவர் கண்டதாக மாவட்ட உயிரினப் பதிவேட்டில் ஏற்றியிருந்த ஓர் அபூர்வக் கல்பாசி அதுவல்ல என்று நெரிஸ் அந்தப் பதிவேட்டைப் பார்ப்பவருக்கு எழுதிவிட்டாள். பதிவு நீக்கப்பட்டது. அதை வட்டார இயற்கை ஆர்வலர்கள் கூட்டத்தில் எல்லார் முன்னாலும் வாசித்தார்கள்.

"வா, வா," என்றார் இத்வால் நிமிராமலே. "நுரையை அள்ளிக்கோ. நான் பார்க்கிற கல்லையும் தப்புன்னு எழுதிடாதே."

"நீங்க தப்பாப் பார்த்தா எழுதத்தான் செய்வேன்."

"எழுது, எழுது. பேனாவுக்கு மை இருக்கிற வரைக்கும் எழுது."

அவள் இரண்டு குப்பிகளில் நுரையை அள்ளி, வித்துகள் கெடாதிருக்க மருந்து விட்டு மூடினாள். மூன்றாவது குப்பியைத் திறந்தபோது பின்னால் வழுக்கும் சத்தம். அப்புறம் கட்டை முறிவது போல ஒன்று.

இத்வால் நீருக்கும் பாறைக்கும் நடுவே மல்லாந்து கிடந்தார். வலது கால் முழங்காலுக்குக் கீழே இருக்கக்கூடாத பக்கம் திரும்பியிருந்தது. மூக்குக் கண்ணாடி ஓடையோடு போய்விட்டது.

"அசையாதீங்க!"

"அசைய எனக்கென்ன ஆசையா?" என்றவரின் முகம் சுண்ணாம்பாக வெளுத்திருந்தது.

கைப்பேசியில் சிக்னல் இல்லை. அந்த இடுக்கில் என்றைக்குமே இருந்ததில்லை. அவரைச் சரிந்த பாறைமேல் சாய்த்து வைத்துவிட்டு, பையில் கட்டுத்துணி தேடினாள். அப்போதுதான் கவனித்தாள்: மூன்றாவது குப்பி வைத்திருந்த கல்லைக் காணோம். கல் இருந்த இடத்தில் தண்ணீர் ஓடிக்கொண்டிருந்தது. தேநீர் நிறத்தில் இருந்த ஓடை கலங்கல் பழுப்பாக மாறியிருந்தது. கொத்துக் கொத்தாக இலைகள் வந்தன, சுள்ளிகள் வந்தன. நுரை பொங்கியது.

"மேலே சதுப்புல மழை கொட்டியிருக்கு," என்றார் இத்வால். "சத்தம் மாறிடுச்சு, கேக்குதா?"

கேட்டது. சலசலப்பு போய், அடிவயிற்றிலிருந்து வருவது போல ஓர் உறுமல்.

வந்த வழி இரண்டு இடத்தில் ஓடையைத் தாண்டும். தாண்டுகற்கள் இந்நேரம் முழுகியிருக்கும். மீதி வழி ஒன்றுதான்: பாறைச் சுவரில் படி போன்ற இரண்டு திட்டுகள், அதற்கும் மேலே செங்குத்தான ஓக் காடு, காட்டுக்கு மேலே சாலை. அவள் தனியாக ஏறிவிடுவாள். உதவியோடு திரும்ப இரண்டு மணி நேரமாவது ஆகும். அதற்குள் இவர் இங்கே இருக்க மாட்டார்.

"கையை என் கழுத்தில போடுங்க."

"நெரிஸ், உன்னால ஆகாது."

"போடுங்கன்னேன்!"

முதல் திட்டு மார்பளவு உயரம். சுரங்கத்தில் இரும்பு தூக்கிய கைகள் அவருக்கு. அவர் இழுக்க, இவள் கீழிருந்து தோள் கொடுத்து நெம்பினாள். கால் பாறையில் உரசியபோது அவர் போட்ட சத்தம் எதிர்ச்சுவரில் மோதித் திரும்பியது. அவர் மேலே போய்ச் சேர்ந்ததும் அவளும் தொற்றி ஏறினாள்.

"இங்க தண்ணி வராது," என்றாள் நெரிஸ், மூச்சு வாங்க. "இலை மாதிரி கல்பாசி இருக்கு. தரையில வளர்றதுதானே அது? நீங்க இருங்க, நான் மேலே போய் ஆளைக் கூட்டிட்டு வரேன்."

"இரு." அவர் விரல்களால் பாறையைத் தடவினார். கண்ணாடி இல்லாமல் அவருக்கு எல்லாமே மங்கல். "என்ன நிறம்?"

"பச்சை. கீரைப் பச்சை."

"காய்ஞ்ச இடத்தில சாம்பல் நிறமா?"

"ஆமா."

"லென்ஸை வெச்சுப் பாரு. இலைமேல புள்ளி இருக்கா? கறுப்பா, ஊசியால குத்தினாப்ல?"

கழுத்தில் தொங்கிய லென்ஸைக் கண்ணில் வைத்துக் குனிந்தாள். இருந்தது. இலை முழுக்க, பதிந்து பதிந்து, கறுப்புப் புள்ளிகள். அதற்கு என்ன அர்த்தமென்று அவர் சொல்லாமலே அவளுக்குத் தெரியும். அவர் சேகரித்த கல்பாசித் துண்டுகளை எத்தனை சனிக்கிழமை சேர்ந்து பார்த்திருக்கிறாள்! இது தரைப் பாசியில்லை. அடிக்கடி வெள்ளத்தில் முழுகியெழுந்தால்தான் பிழைக்கும்.

இல்லை என்று சொல்லிவிடலாம். அந்த எண்ணம் உண்மையாகவே வந்தது. அடுத்த திட்டு இன்னும் ஓர் ஆள் உயரம். அந்தக் காலோடு இன்னொரு தடவை இவரை இழுப்பதா? இல்லையென்று சொன்னால் அவரும் நம்புவார், இவளும் ஓடலாம்.

"என்ன, பேச்சைக் காணோம்?"

"இருக்கு," என்றாள். "புள்ளி இருக்கு."

இத்வால் கண்ணை மூடினார். "அப்போ இது ஆத்தோட இடம். நம்ம இடம் இன்னும் மேலே."

இரண்டு முதுகுப் பைகளின் வார்களையும் அறுத்து, அவர் கழுத்துத் துணியோடு முடிச்சுப் போட்டாள். மேல்திட்டுக்கு ஏறி ஒரு வேரில் கட்டினாள். குனிந்து பாறையைப் பார்த்தாள். வெளிறிய சாம்பல் நிறக் கல்பாசிப் படர்வு, அதன்மேல் குட்டி அகல் விளக்குகள் போலத் தட்டுகள்.

"அகல் அகலா இருக்கு!" என்று கத்தினாள்.

"அதுதான்! அதுக்கு வெள்ளம் ஆகாது. இறங்கி வா!"

அவள் இறங்கியபோது கீழ்த்திட்டில் கணுக்கால் அளவு தண்ணீர். அவர் வாரைப் பிடித்துத் தொங்க, இவள் அவருடைய நல்ல காலைத் தோளில் ஏந்தி நிமிர்ந்தாள். பாதி உயரத்தில் அவர் கை நழுவியது. அவர் முழு பாரமும் அவள் கழுத்தில் இறங்கியது. தண்ணீர் முழங்காலை இடித்தது.

"விட்டுடு நெரிஸ்."

"வாயை மூடிட்டு இழுங்க!"

இழுத்தார். எப்படியென்று இருவருக்குமே பிறகு சொல்லத் தெரியவில்லை. அவர் மேலே உருண்டு விழுந்ததும் வாந்தியெடுத்தார். அவளும் ஏறித் தன் மழைக்கோட்டைக் கழற்றி அவரைச் சுற்றினாள். குப்பிகளும் கேமராவும் இருந்த பை கீழே மிதந்து, ஒருமுறை சுழன்று, வளைவில் மறைந்தது.

"அந்தப் பதிவு," என்றார் அவர், பல் கிட்டிக்கொண்டே. "தப்புதான். எனக்கே தெரியும். ஆனா நீ முதல்ல என்கிட்ட வந்து சொல்லியிருக்கணும்."

"சொல்லியிருக்கணும்," என்றாள். "உங்ககிட்ட வாதாட பயம். அதான் எழுதினேன்."

"என்கிட்டயா? பயமா?"

"தூங்கிடாதீங்க. நான் வர வரைக்கும் கல்பாசிகளோட லத்தீன் பேரா சொல்லிட்டே இருங்க. சத்தமா."

வேர்களைப் பிடித்து ஏறினாள். காட்டுக்குள் இரண்டு முறை சறுக்கினாள், முகத்தில் முள் கீறியது. சாலையை எட்டியபோது ஆடுகளை ஏற்றிக்கொண்டு ஒரு லாரி வந்தது. நடுவே நின்று கையை விரித்தாள். ஓட்டுநர் இறங்கி, அவள் சொன்னதைக் கேட்டதும், சிக்னல் கிடைக்கும் மேட்டுக்கு வண்டியை விரட்டினான்.

மலைமீட்புத் தொண்டர்கள் வந்து கயிறு கட்டும்போது ஒன்றே முக்கால் மணி நேரம் கடந்திருந்தது. விளிம்பிலிருந்து எட்டிப் பார்த்தாள். கீழ்த்திட்டு இல்லை. அந்த இடத்தில் பழுப்பு வெள்ளம் புரண்டது. மேல்திட்டுக்கு ஒரு சாண் கீழே நுரை திரண்டு ஏறி இறங்கியது. மழைக்கோட்டுக்குள் இருந்த உருவம் அசையவில்லை.

தட்டுகள் அகல் மாதிரி இருந்தன என்று சொன்னது தானேதான். அவசரத்தில் தப்பாகப் பார்த்திருந்தால்?

"இத்வால்!"

கயிற்றில் இறங்கிய பெண் அவர் கழுத்தில் விரல் வைத்தாள். நெரிஸ் அந்த விரலையே பார்த்தபடி நின்றாள்.

"உயிர் இருக்கு," என்று அந்தப் பெண் மேலே பார்த்துக் கத்தினாள். "என்னவோ முனகறார். புரியலை. லத்தீன் மாதிரி இருக்கு!"

நெரிஸ் அப்படியே ஈர இலைகளின்மேல் உட்கார்ந்து அழுதாள்.

இரண்டு அறுவைச் சிகிச்சை. ஏழு வாரம் மருத்துவமனை. வலது கால் கொஞ்சம் குட்டையாகிவிட்டது. மலையிடுக்குப் பக்கம் இனிப் போவதில்லை என்று இத்வால் மகளுக்கு வாக்குக் கொடுத்தார். சனிக்கிழமைகளில் மட்டும் தடியூன்றி நெரிஸ் வீட்டுக்கு வந்துவிடுவார். அவள் மைக்ராஸ்கோப்பில் குனிந்திருக்க, எதிரே உட்கார்ந்து குறை சொல்வார்.

பிப்ரவரியில் அவள் மறுபடி போனாள். இந்த முறை தங்கையைச் சாலையில் நிறுத்திவிட்டு, இத்தனை மணிக்கு நான் வராவிட்டால் ஆளைக் கூப்பிடு என்று சொல்லிவிட்டு இறங்கினாள். மடுவருகே வெகுநேரம் நுரையைத் தொடாமல் நின்றாள். ஒரு குப்பி அள்ளி மூடினாள். இரண்டாவதைத் திறக்கும்போது ஓடையின் சத்தம் சற்றே மாறியது போலிருந்தது. காற்றாகவும் இருக்கலாம். நின்று யோசிக்கவில்லை, குப்பியைப் பையில் போட்டுக்கொண்டு மேலே ஏற ஆரம்பித்தாள்.