நிழலில் காயும் கட்டைகள்

ஆண்டிச்சாமி நான்காவது கட்டையைத் தோளில் ஏற்றியபோதுதான் மாயம்மாள் புருஷனின் பிணத்தருகிலிருந்து எழுந்தாள். ஒப்பாரி வைத்துக்கொண்டிருந்த பெண்கள் பாதியில் நிறுத்திவிட்டார்கள்.

“மச்சான், அத எங்க கொண்டுட்டுப் போறீக?”

“வண்டிக்குத்தான் தாயி. சுடுகாட்டுக்கு வெறகு போகுதுல்ல, அதோட ஏத்தி விட்டுர்றேன். தம்பி உசுரா வச்சிருந்த கட்டை. அவனோடயே போகட்டும்.”

ஆண்டிச்சாமி கெட்ட மனுஷர் இல்லை. தம்பி போன துக்கத்தில் கண்ணில் பட்டதையெல்லாம் அவனோடு அனுப்பிவிட வேண்டும் என்று நின்றார். விட்டால் பட்டறைக் கதவையும் கழற்றியிருப்பார்.

அவை காஷ்மீரிலிருந்து ரயிலேறி வந்த வில்லோ கட்டைகள். மாயம்மாளின் புருஷன் நாச்சிமுத்து அவற்றில்தான் கிரிக்கெட் மட்டை செய்வார். வெயில் பட்டால் வெடித்துவிடும் என்று பின்னறை நிழலில், காற்றுப் போக இடைவெளி விட்டு அடுக்கி, இரு முனையிலும் மெழுகு பூசியிருந்தார். ஈரம் எவ்வளவு வற்றியது என்று வெள்ளிக்கிழமைதோறும் ஒவ்வொன்றாக எடை பார்ப்பது மாயம்மாள் வேலை. ஊரெல்லாம் கிலோவுக்கு மாறிவிட்டாலும் அவளுக்கு இன்னும் ராத்தல்தான்.

போன வருஷம் ஒரு தடவை நாச்சிமுத்து அவசரப்பட்டுவிட்டார். நத்தம் டீமுக்குப் பந்தயம் நெருங்கிவிட்டது என்று ஈரம் வற்றாத கட்டையை இழைத்தார். மட்டை உலக்கை மாதிரி கனத்தது. கனம் குறைய முதுகைச் சீவினார், தோளைச் சீவினார், ஓரத்தைச் சீவினார். ஒருவழியாக எடை சரியானபோது பலகைதான் மிஞ்சியது. காய்ந்த கட்டையென்றால் அதே எடைக்கு நல்ல தடிமனாக நின்றிருக்கும். பந்தயத்தன்று மட்டையின் கீழ்ப்பாதி பிளந்து பறந்துபோய் அம்பயர் காலடியில் விழுந்தது. மைதானமே சிரித்தது. அதன் பிறகு அவர் எந்தக் கட்டையையும் அவசரப்படுத்தவில்லை. நெஞ்சுச்சளி முற்றி இருமத் தொடங்கியதும் இழைப்புளி மாயம்மாள் கைக்கு வந்துவிட்டது. வெளியில் யாருக்கும் அது தெரியாது.

“அது இன்னும் காயல மச்சான்.”

“எரிக்கத்தான தாயி? நெய்ய ஊத்துனா எரியும்.”

“எரிக்கிறதுக்குச் சொல்லல. மட்டைக்குச் சொல்றேன். ஆடிக் காத்து அடிச்சு முடியணும்.”

“அவனே போய்ட்டான். இனி யாரு மட்ட செய்யப் போறா?”

“நான்தான்.”

ஆண்டிச்சாமி கட்டையைத் தோளிலேயே வைத்துக்கொண்டு அவளைப் பார்த்தார்.

“பட்டறையப் பூட்டிட்டு எங்ககூட சேவுகம்பட்டிக்கு வந்துரு தாயி. ஒருத்திக்குக் கஞ்சி ஊத்த மாட்டமா?”

“ஊத்துவீக. இந்தக் கட்டை போச்சுன்னா எனக்கும் வேற வழியில்ல, வந்துதான் ஆகணும். அதுக்குத்தான் சொல்றேன், எறக்கி வைங்க.”

அவள் குரலை உயர்த்தவில்லை. ஆனால் வழியை விட்டு நகரவும் இல்லை. அவர் தோளிலிருந்ததையும் வண்டியிலிருந்த மூன்றையும் இறக்கிக் கொண்டுவந்து பின்னறைத் தரையில் போட்டார்.

“ஒண்ணாச்சும் கூட வைக்கணும். எனக்கு மனசு கேக்கல.”

மாயம்மாள் உள்ளே போய் அடுக்கிலிருந்த கட்டைகளைத் தட்டித் தட்டிப் பார்த்தாள். நடுவில் கணு விழுந்து, ஏறுக்குமாறாக வளர்ந்த ஒன்றைத் தூக்கி வந்தாள். அதைப் பார்த்ததும் ஆண்டிச்சாமியின் முகம் சுருங்கிப்போனது.

“ஏத்தா, இருக்கதுலயே மட்டமானதையா?”

“நல்லத வச்சா எந்திரிச்சு வந்து வைவாரு.”

பக்கத்து வீட்டு ஜக்கம்மாள் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். ஆண்டிச்சாமி முகத்தைத் திருப்பிக்கொண்டார். சிரித்தாரா அழுதாரா தெரியவில்லை.

மாயம்மாள் கட்டையைப் புருஷனின் கையோரம் வைத்தாள். இழைக்க முடியாவிட்டாலும் கட்டையைத் தடவிக்கொண்டே கிடந்த அவர் விரலிடுக்கில் மரத்தூள் இன்னும் ஒட்டியிருந்தது. துக்கத்தைவிடக் கோபம்தான் முதலில் வந்தது அவளுக்கு. ஆடி வரைக்கும் இருந்திருக்கக் கூடாதா இந்த மனுஷன்?

பாடை தெருமுனை தாண்டியதும் பெண்கள் திரும்பி வந்து குடம் குடமாக ஊற்றி வீட்டைக் கழுவினார்கள். பின்னறைக்குள் மட்டும் ஒரு சொட்டு போகக் கூடாது என்று அவள் கண்டிப்பாகச் சொல்லிவிட்டாள். பிறகு அவளை முற்றத்தில் உட்கார வைத்துத் தலையோடு தண்ணீர் ஊற்றினார்கள். அவர்களும் குளித்தார்கள்.

“மாத்துச் சேல எங்க இருக்கு?” என்றாள் ஜக்கம்மாள்.

“பின்னறைப் பொட்டில.”

“நீ இரு, நான் போய் எடுத்தாரேன்.”

“வேணாங்க்கா. நீங்களும் ஈரமாத்தான் நிக்கிறீக.”

ஜக்கம்மாள் அவளையும் அறையையும் மாறி மாறிப் பார்த்துவிட்டுத் தன் சேலை முனையைப் பிழிந்தாள். இறக்கிய நான்கு கட்டைகளும் போட்ட இடத்திலேயே தாறுமாறாகக் கிடந்தன. அவற்றைத் திரும்ப அடுக்க வேண்டும். மாயம்மாள் வாசல்படிக்கு இந்தப் பக்கம், சேலையிலிருந்து சொட்டும் தண்ணீர் உள்ளே ஓடாத தூரத்தில் நின்று, முந்தானையைக் காற்றில் விரித்துப் பிடித்தாள்.