குறட்டை வாசிக்க ஒரு கீபோர்டு

1

இந்தக் கதை எனக்கு ஓர் இசைக்கருவிக் கடையில் கிடைத்தது. நான் போனது வயர் வாங்க. வயர் இல்லை, கதை இருந்தது.

'சின்ன வயதிலிருந்தே அவளுக்கு இசை என்றால் உயி—'

பொய். எழுதியதை அடித்துவிட்டேன். கடைக்கு வந்திருந்த அவள் பல்செட் செய்கிறவள். நாள் முழுக்க அடுத்தவர் வாய்க்கு அளவு பார்த்து அலுத்துப்போய், கம்ப்யூட்டரில் மெட்டுப் போடலாம் என்று கிளம்பியவள். ஆசை பெரிது, பர்ஸ் சின்னது.

2

கூட வந்தவர் கணவர். நூலகர். "சத்தம் போடாதீங்க" என்று சொல்லியே சம்பளம் வாங்குபவர். வீட்டிலோ அவர் விடும் குறட்டையில் ஜன்னல் அதிரும். கேட்டால், "நானாவது, குறட்டை விடுறதாவது!" என்பார். கொஞ்ச காலமாக அவருக்கு ஹாலில் மடக்குக் கட்டில்.

(நூலகருக்குக் குறட்டை என்பது கொஞ்சம் ஓவர்தான். தபால்காரராக மாற்றிப் பார்த்தேன். குறட்டை ஒட்டவில்லை.)

3

கடைக்காரர் இரண்டு கீபோர்டுகளை எடுத்து வைத்தார். சின்னது ரொம்ப மலிவு. பெரியது கொஞ்சம் கூடுதல். பல்லைக் கடித்துக்கொண்டு வாங்கிவிடலாம்.

கணவர் ஒரு கட்டையை அமுக்கினார். மூச்சில்லை.

"ரிப்பேரா?"

"இல்ல சார், இதுக்குச் சொந்தக் குரல் கிடையாது. கம்ப்யூட்டர்ல எந்தச் சத்தத்தை வைக்கிறீங்களோ அதைத்தான் வாசிக்கும்."

"எந்தச் சத்தம்னாலுமா?" என்று கேட்டு, அவள் தன் போனை நீட்டினாள். அதில் பதிவு செய்து வைத்திருந்ததைக் கடைக்காரர் கம்ப்யூட்டரில் ஏற்றினார்.

சின்னதில் எப்படித் தொட்டாலும் ஒரே 'கர்ர்ர்'. பெரியதில் மெல்லத் தொட்டால் பூனை மூச்சு. ஓங்கி அமுக்கினால் மேடேறும் லாரி. அவள் இரண்டு கையாலும் வெளுத்து வாங்கினாள். கிட்டார் பார்க்க வந்தவர்கள் சுற்றி நின்று தலையாட்டினார்கள்.

"என்ன மேடம் இது, புலியா?" என்றார் ஒருவர்.

"நான் இல்ல" என்றார் கணவர், யாரும் கேட்காமலே.

4

'அவமானம் தாங்காமல் அவர் வெளியே நட—'

நடக்கவில்லை. கூட்டம் கலைந்ததும் பெரியதன் முன்னால் உட்கார்ந்து, ஒற்றை விரலால் தன் குறட்டையைத் தானே தடவித் தடவி வாசித்தார்.

"இவ்வளவு சத்தமாவா விடுறேன்?"

"இதுக்கு மேல."

"சொன்னப்பல்லாம் உன்கிட்ட சண்டைக்கு வந்தேனே." விரலை எடுத்துக்கொண்டார். "பெரிசையே வாங்கிடு."

"எங்க வைக்கிறது? ஹால்லதான் உங்க கட்டில் கிடக்கே."

"கட்டிலை மடிச்சிடலாம்."

"அப்ப நீங்க எங்கங்க படுப்பீங்க?"

5

அவர் சொல்லும் பதிலாக முதலில் 'உன் பக்கத்துலதான்' என்று எழுதினேன். சினிமா வாடை அடித்தது. அடித்தேன். அடுத்து 'லைப்ரரியில' என்று எழுதிச் சிரித்தேன். அவள் சிரிக்கவில்லை, அதையும் அடித்தேன். அவள் விளையாட்டுக்குக் கேட்கவில்லை என்பது அப்புறம்தான் எனக்கு உறைத்தது.

"சின்னதா, பெருசா? பில் போடணும் சார்" என்கிறார் கடைக்காரர். அவள் கணவரையே பார்த்துக்கொண்டு நிற்கிறாள். அவர் வாயைத் திறந்துவிட்டார். என்னிடம் வசனம் இல்லை.

உங்கள் வீட்டிலும் குறட்டை விடும் ஆள் ஒருவர் இருப்பார். இல்லையென்றால் அது நீங்கள்தான். சீக்கிரம் ஏதாவது சொல்லுங்கள், மனுஷன் எவ்வளவு நேரம்தான் வாயைத் திறந்தபடி நிற்பார்?